சந்தனம் பூசிய பேட்டரி

எங்கள் சந்துக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்குப் போன வருஷம் புதிதாக ஒரு தீனி கிடைத்தது. சண்முகவடிவின் தகரக் கூரைமேல் சாய்ந்து நின்ற இரண்டு சோலார் பலகைகள். தாராவியில் சூரிய மின்சாரமா என்று வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தார்கள். ஏனம்மா இதை வைத்திருக்கிறாய் என்று ஒருத்தனாவது அவளிடம் கேட்டானா? கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தக் கூரைக்குக் கீழே மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சுடலைக்கண்ணனைக் காட்டியிருப்பாள்.

நான் கீழ் வீடு, அவர்கள் மேல் வீடு. அவர்களுடைய தரைதான் என்னுடைய கூரை. நடுவில் பலகையும் இரும்புச் சட்டமும் மட்டும். அதனால் அந்தக் குடும்பத்தில் நடந்த எதையும் நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மேலே போவதற்குச் சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி உண்டு. அதில் ஏறுகிறவன் ஒரு கையால் சாமானையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சுடலைக்கண்ணன் பெல்ட் பக்கிள்களுக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். சுற்றுகிற சக்கரத்தில் பித்தளையை அழுத்தினால் பளபளப்பு பக்கிளுக்குப் போகும், தூசி நெஞ்சுக்குப் போகும். அவருக்கு ஐம்பது வயது ஆவதற்குள் நுரையீரல் பாதி கல்லாகிவிட்டது. சயான் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இனி ராத்திரி பகல் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் காற்றை உள்ளே இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்பும். கரண்ட் இருக்கிறவரை அனுப்பும்.

எங்கள் மூலையில் இருக்கும் கரண்ட் பெட்டியோ மழைக்காலத்தில் வருஷாவருஷம் வெடிக்கும். ஒரு ஆடி மாதத்து மத்தியானம் அது வெடித்தபோது, வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் பாதியில் தீர்ந்துபோனது. சுடலைக்கண்ணனின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குக் கரண்ட் வந்து பிழைத்தார். அதற்குப் பிறகு சண்முகவடிவு ஒழுங்காகத் தூங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் மாட்டுங்காவில் பாகீரதி மாமி வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். மாமியின் கட்டிடத்து மொட்டைமாடியில் புதிய சோலார் பலகைகள் போட்டபோது, கழற்றிய பழையதில் இரண்டை இவளுக்குக் கொடுத்தார்கள். மாட்டுங்காவில் கழிப்பதை நாங்கள் வாங்கிக்கொள்வது இன்று நேற்று நடப்பதல்ல. இந்தத் தடவை நிஜமாகவே உதவியாகத்தான் இருந்தது. பலகை வந்துவிட்டது, இனி வேண்டியது பேட்டரி.

அங்கேதான் பிரச்சினை. சண்முகவடிவு எதையும் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். கத்திரிக்காயைப் பிளந்து பார்ப்பாள், அரிசியை மென்று பார்ப்பாள், தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டுவாள். காய்கறிக்காரர்கள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படிப்பட்டவளிடம் லித்தியம் பேட்டரியை விற்க வந்தான் பைசான். சீத்தா கேம்ப்பில் இன்வெர்ட்டர் மாட்டித் தரும் பையன், நம்ம தமிழ் ஆள்தான், நேர்மையானவன்.

"அக்கா, லித்தியம் எடுத்துக்குங்க. சின்ன டப்பா, கட்டிலுக்கு அடியில போயிரும். தண்ணி ஊத்துற ஜஞ்ஜட், தொல்ல எதுவும் இல்ல, வாட இல்ல, சீக்கிரம் சார்ஜ் ஆயிரும். ஈய பேட்டரிய விட டபுள் வருஷம் ஓடும். வயர்கூட பிளக் மாதிரி, ஒரே பக்கம்தான் உள்ள போகும்" என்றான்.

"உள்ள என்ன இருக்குன்னு தொறந்து காட்டுய்யா" என்றாள் சண்முகவடிவு.

"தொறக்கக் கூடாதுக்கா. கம்பெனி சீல்."

"தொறந்து பாக்கக் கூடாத சாமான நம்பி அவுக மூச்ச எப்பிடிக் குடுக்க?"

அதோடு அவள் விடவில்லை. பக்கத்துச் சந்தில் சாப்பாடு கொண்டுபோகும் பையனுடைய பேட்டரி வண்டி சார்ஜ் போட்டபடியே எரிந்ததை எடுத்துவிட்டாள். அது வேறு வகை லித்தியம், இது லேசில் தீப்பிடிக்காது என்று அவன் சொன்னது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் ஓடுகிற வீட்டில் 'லேசில்' என்கிற வார்த்தை யாருக்கு வேண்டும்? சந்தே கூடி ஈயம்தான் சரி என்றது. ஈய பேட்டரி செத்தாலும் பழைய ஈயத்துக்குக் காசு வரும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். கட்டிலில் இருந்தபடியே சுடலைக்கண்ணனும் கையை ஆட்டி, "ஈயமே வாங்குட்டி, கண்ணுக்குத் தெரியுதுல்லா" என்று முடித்து வைத்தார்.

அந்த பேட்டரியை ஏணியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. பைசான் அதை ஜன்னலுக்குக் கீழே வைத்து, கூரைப் பலகையையும் இன்வெர்ட்டரையும் இணைத்து, ஆக்சிஜன் மெஷினை அதில் மாட்டினான். ஜன்னலை அடைக்கக் கூடாது, டிஸ்டில்டு தண்ணீர் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னான். சண்முகவடிவு அதைவிட அதிகமாகவே செய்தாள். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பார்ப்பாள், தூசி துடைப்பாள், குனிந்து முகர்ந்துகூடப் பார்ப்பாள்.

பேட்டரியும் அவளை ஏமாற்றவில்லை. அந்த மழைக்காலத்தில் எத்தனையோ தடவை சந்து முழுக்க இருட்டானபோதும் மேலே மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. சுடலைக்கண்ணனுக்குக் குஷி தாங்கவில்லை. "அண்ணாச்சி, எனக்கு இப்பம் ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி சோறு போடுதா, ஒருத்தி மூச்சு போடுதா" என்று மேலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். கத்திவிட்டு வெகுநேரம் இருமுவார். இனி எதற்கு என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

புரட்டாசி முடிவில் ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஆட்களுக்கு இங்கே தீபாவளியைவிட அதுதான் பெரிது. பட்டறையெல்லாம் கழுவி, மெஷின்களின் பெல்ட்டைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, கேந்திப்பூ மாலை போட்டு உட்கார வைப்போம். மறுநாள் காலையில் மறுபூஜை போடும்வரை ஒரு ஸ்குரூடிரைவரைக்கூடத் தொடமாட்டோம். சுடலைக்கண்ணன் வாழ்நாள் பூராவும் தன் சக்கரத்துக்கு அப்படி ஓய்வு கொடுத்தவர். மூக்கில் குழாய் ஏறிய பிறகு அவருக்குப் பூஜை போட ஆயுதமே இல்லாமல் போய்விட்டது. அந்த வருஷம் கிடைத்துவிட்டது.

"ஏல மாரி, அந்த பேட்டரியக் கழத்தி பூசைல வையில" என்றார் மகனிடம். மகன் மாரிக்கண்ணன் சயானில் கூரியர் ஆபீசில் இருக்கிறான்.

"எதுக்குப்பா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"வருசம் பூரா எனக்காவ ஒழைக்கு. ஒரு நா பொட்டு வச்சி உக்கார வைங்கல. இன்னைக்கு வெயிலப் பாரு, கரண்ட் எங்க போவப் போவுது?"

சண்முகவடிவு தயங்கினாள். பைசானுக்குப் போன் போட்டுக் கேட்போமா என்றாள். பண்டிகை நாளில் எதற்கு அவனைத் தொந்தரவு செய்வது என்று அவளே விட்டுவிட்டாள். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சாவை எதிர்பார்த்திருக்கிற மனுஷன் கேட்பது இது ஒன்றைத்தான் என்றால் யார்தான் முடியாது என்பார்கள்?

மாரிக்கண்ணன் வயர்களைக் கழற்றினான். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்தான். கூடவே பிளஸ் முனையிலிருந்த சிவப்பு வளையத்தையும் மைனஸ் முனையிலிருந்த கறுப்பு வளையத்தையும் உருவிக் கழுவப் போட்டான். ஈரத்துணியால் துடைத்த பேட்டரியைச் சாமி படத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்கள். சண்முகவடிவு மேல்மூடி முழுக்கச் சந்தனத்தை வழித்துப் பூசினாள். முனைகள்தான் அதன் கண் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டிலும் குங்குமத்தை அள்ளி வைத்தாள். பொரியும் சுண்டலும் எங்கள் வீட்டுக்கும் வந்தன. மேலே மெஷின், நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டி, வீட்டுக் கரண்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் திடீரென்று மழை இறங்கியது. மூலைப் பெட்டி வெடித்த சத்தம் தொண்ணூறடி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மேலே மெஷினின் உறுமல் நின்றுவிட்டது. சண்முகவடிவு மகனைக் கூப்பிடும் குரல் கேட்டது. நான் ஏணியில் ஏறிப் போனபோது மாரிக்கண்ணன் பேட்டரியை மாலையோடு ஜன்னலுக்கடியில் தள்ளிவிட்டு, வயரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். சண்முகவடிவு மொபைல் டார்ச்சைப் பிடித்திருந்தாள். வெளிச்சம் சுவரிலெல்லாம் ஓடியது.

"எம்மா, எது பிளஸ்ஸு?"

மூடியில் அச்சடித்திருந்த குறி சந்தனத்துக்கு அடியில் காய்ந்து கிடந்தது. எப்போதும் சிவப்பாக இருப்பதுதான் பிளஸ். இப்போது இரண்டு முனையும் சிவப்பு. அவன் கையால் தேய்த்தான், அது இன்னும் பரவியது. கட்டிலில் சுடலைக்கண்ணன் இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"எடது பக்கம்தான இருந்துச்சு? எடது பக்கந்தாம்மா" என்றான் மாரிக்கண்ணன். முன்பு அது இடப்பக்கம் இருந்தது சரிதான். ஆனால் பூஜையிலிருந்து திரும்ப வைத்தபோது பேட்டரியை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. சிவப்பு வயரை அவன் இடப்பக்க முனையில் வைத்து, கறுப்பை மறு முனையில் தொட்டதும் பட்டென்று பொறி பறந்தது. இன்வெர்ட்டருக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தது. வயரை மாற்றி மாட்டிப் பார்த்தான். இன்வெர்ட்டர் அதற்கப்புறம் ஒரு சத்தமும் போடவில்லை.

பக்கத்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்த ஒரே கடை பண்டிகைக்காகப் பூட்டிக் கிடந்தது. போன் போட்டதற்கு ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள், எங்கள் சந்துக்குள் அது வராது என்பது அவர்களுக்கும் தெரியும். கடைசியில் அவரை மாரிக்கண்ணனின் முதுகில் சேலையால் கட்டினோம். கீழே நின்று அவர் காலை நான் தாங்கிக்கொள்ள, அந்த நனைந்த ஏணியில் படிப்படியாக இறக்கினோம். முதுகில் கிடந்தவரின் மூச்சு கர்கர்ரென்று என் தலைக்கு மேல் கேட்டது. சந்தில் ஓடி, முக்கில் ஓர் ஆட்டோவைப் பிடித்து, மகனும் சண்முகவடிவும் நடுவில் அவரை வைத்துக்கொள்ள, நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன்.

சயான் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். மாரிக்கண்ணன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். "நாந்தான் மாத்தி மாட்டினேன், நாந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சண்முகவடிவு அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். "பொட்டு வச்சது நாந்தாம்ல. நீ ஒண்ணுஞ் செய்யல" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பைசான் வந்து இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் போர்டு போயிருக்கிறது என்று மட்டும் சொன்னான். பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய்விடு என்று சண்முகவடிவு அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மாரிக்கண்ணன் தள்ளியிருக்கும் கல்யாண் ஊரில் சிநேகிதன் அறையில் தங்கப் போய்விட்டான். வேலைக்கு அங்கிருந்தே வருகிறான், வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. எனக்கு அந்தப் பண்டிகைமேல் இன்னும் கோபம் இருக்கிறது. சாமிமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கலைச்செல்வி சொல்கிறாள். ஆகாதுதான், ஆனாலும் இருக்கிறது.

போன வாரம் சண்முகவடிவு மாட்டுங்காவிலிருந்து திரும்பி, மேலே ஏறாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். நான் வாசலில் இருந்தேன். கலைச்செல்வி கொடுத்த டீயைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

"எக்கா, அன்னைக்கு நாங்க போயி எம்புட்டு நேரத்துல கரண்ட் வந்துச்சு?"

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று கலைச்செல்விதான் மேல் வீட்டில் இருந்தாள். நாங்கள் முக்குக்குப் போய்ச் சேர்ந்ததுமே கரண்ட் வந்து, மெஷின் தானாக ஓட ஆரம்பித்து, குழாய் வெறும் தலையணைமேல் காற்றை ஊதிக்கொண்டு கிடந்ததை என்னிடம் சொல்லி அழுதவள். இவளிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

"ரொம்ப நேரம் ஆச்சு வடிவு. நீங்கல்லாம் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேந்திருப்பீங்க" என்றாள் கலைச்செல்வி.

"பொய் சொல்லாதீங்கக்கா" என்றாள் சண்முகவடிவு. அவள் குரலில் கோபம் இல்லை. "ஆட்டோல ஏத்தும்போதே முக்குக் கடைல லைட்டு எரிஞ்சிட்டு. நான் பாத்தேன். மாரி பாக்கல, அண்ணாச்சியும் பாக்கல. திரும்பிருவோம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த ஏணில திரும்ப எப்பிடி ஏத்தன்னு நெனச்சிட்டேன். ஆஸ்பத்திரிக்கு விடுய்யான்னு நாந்தான் ஆட்டோக்காரன்ட்ட சொன்னேன்."

கலைச்செல்வி அவள் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள். நான் வாசலில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"அப்பம் அவுக என் கையப் பிடிச்சிட்டுத்தான் இருந்தாகக்கா. நல்லா இறுக்கிப் பிடிச்சிருந்தாக. சயான் சிக்னல் தாண்டுன பொறவுதான் விட்டாக."