ஒன்றோடு கை நிற்காத பிஸ்கட்

ஸ்டெல்லாவின் உடம்பைப் பெருக்க வைத்தது ஒரு பிஸ்கட் கம்பெனி. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியது ஸ்டெல்லா. நடந்த அநியாயம் இதுதான். ஐம்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் நேற்று இந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, குண்டாக இருப்பவர்களுக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது என்று எழுத, கீழே நீங்கள் எல்லோரும் கைதட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால் இன்னொரு முறை சொல்கிறேன்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போதே அந்தக் கம்பெனியின் வாசனை வந்துவிடும்... சூடான வனஸ்பதி, தீயும் சர்க்கரை, அதற்கு மேல் ஏதோ ஒரு எசென்ஸ். எழுபதுகளின் தொடக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே பேக்கிங்கில் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் எல்லோரும் பெண்கள்.

ஸ்டெல்லா சேலையூரிலிருந்து நடந்தே வருவாள். குச்சி மாதிரி இருப்பாள். தூக்குச் சட்டி நிறையப் பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு. அத்தனையும் உள்ளே போகும்.

"இன்னாடி, வயித்துக்குள்ள கெணறு கிணறு தோண்டி வச்சிகினுகிறியா?" என்று எங்களோடு பேக்கிங்கில் இருந்த பார்வதி கேலி செய்வாள்.

ஆனால் போதும் என்று ஸ்டெல்லா கை கழுவிவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ஒரு பருக்கை இறங்காது. தவக்காலம் முழுக்க மீனைத் தொடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் நெத்திலி வறுவலைத் தின்றாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். இவளுக்கா மனக்கட்டுப்பாடு இல்லை?

உடைந்த பிஸ்கட்டை உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், வெளியே எடுத்துப்போகக் கூடாது. அதுதான் கம்பெனி வழக்கம். மிட்டாய்க் கடையில் புது ஆளை இப்படித்தான் விடுவார்கள், ஒரே வாரத்தில் திகட்டிவிடும் என்று. சாதா பிஸ்கட் எங்களுக்கும் திகட்டத்தான் செய்தது. புதிதாக வந்த கிரீம் பிஸ்கட் திகட்டவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். அதைத் தீர்மானித்த மேஜையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், கலவை போடும் மாஸ்டர் எங்களை உட்காரவைத்துத் தட்டுத் தட்டாக பிஸ்கட் வைப்பார். ஒன்றில் உப்பு கொஞ்சம் தூக்கல், ஒன்றில் வனஸ்பதி கூடுதல். எது ருசி என்று கேட்கவே மாட்டார். நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பார்வதி சொன்னாள்: "இது ஷோக்கா கீது சார். ஒண்ணு துன்னாலே போதும்னு கீது."

மாஸ்டர் அந்தத் தட்டை அப்படியே எடுத்துவிட்டார்.

"நல்லாகீதுன்னுதானே சார் சொன்னேன்?"

"ஒண்ணு போதும்னா ரெண்டாவது பாக்கெட்ட யாரும்மா வாங்குவாங்க?"

சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார்.

ஒரு வருடத்துக்குள் எங்களில் பாதிப் பேர் ரவிக்கையைப் பிரித்துத் தைத்தார்கள். ஸ்டெல்லாவுக்குத்தான் அதிகம். அவள் நின்ற இடத்தில்தான் உடைசல் குவியும்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவள், இந்த வருடம் மீனோடு பிஸ்கட்டும் கிடையாது என்று நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கை உடைசலுக்குப் போய்விட்டது. குழாயடியில் நின்று அழுதாள்.

"மீன வுட முடியுதுக்கா. இத்த வுட முடியல. எனக்கு இன்னாக்கா ஆச்சு?"

அடுத்த மாதம் அவளை வேலையில் நிரந்தரமாக்க வேண்டும். அப்பா இல்லாத வீடு, தம்பி தங்கைகள், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதற்கு முன் கம்பெனி டாக்டர் எல்லோரையும் பார்த்தார்.

"ஏம்மா, சரக்கு கடைக்குப் போகுதா, உன் வயித்துக்குப் போகுதா? முதல்ல வாயக் கட்டு!"

நர்ஸ் சிரித்தார். இந்த உடம்போடு பிஸ்கட் ஓடிவரும் பெல்ட்டின் வேகத்துக்கு நிற்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். நான் மேனேஜர் அறைக்குள் போனேன்.

"ஒண்ணோட கை நிக்கக் கூடாதுன்னு செஞ்சதே நீங்கதான் சார். இப்ப கை நிக்கலன்னு அவள வெளிய அனுப்புறீங்களே?"

"நீயும் இங்கதானம்மா வேலை பாக்குற? நீ ஒல்லியாத்தானே இருக்க?"

"எனக்குச் சொத்தப் பல்லு சார். இனிப்பு பட்டா உயிர் போயிடும்."

போய் வேலையைப் பார் என்றார். மறு வருடம் பல்லைப் பிடுங்கினேன். பிறகு நானும் ரவிக்கையைப் பிரித்துத் தைத்தேன்.

ஸ்டெல்லா வீட்டு வேலைக்குப் போனாள். சர்க்கரை வந்தது, முட்டி போனது. போன வருடம் இறந்தாள். கடைசியாகப் பார்த்தபோது சொன்னாள்: "பாவசங்கீர்த்தனத்துல வருசா வருசம் போசனப்பிரியம்னு அந்த ஒரு பாவத்தையேதான் சொல்றேன்கா. சாமியாருக்கே அலுத்துப்பூடுச்சி."

அன்றைக்கு அந்த உடைசல் ஒரு மதில் சுவருக்குள் இருந்தது. விருப்பப்பட்டால் வேலையை விட்டுத் தப்பிக்கலாம். இன்றைக்குத் தாம்பரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடை வாசலில் பிஸ்கட் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது, குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில்...

நான் கேட்பது இவ்வளவுதான். எப்படிப்பட்ட கலவையைத் தேடிப்பிடித்துப் போடுகிறோம் என்பதைக் கம்பெனிக்காரர்கள் பாக்கெட்டின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில் போட வேண்டும். பள்ளிக்கூட வாசலில் அதை விற்க அரசாங்கம் விடக்கூடாது. டாக்டர்கள் எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன் என்ன தின்கிறாய், அது எங்கே கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். நர்ஸைச் சிரிக்க விடக்கூடாது. போசனப்பிரியம் என்று ஒரு பெண் வந்து முழங்காலிட்டால், பங்குச் சாமியார் அவளுக்கு அபராத ஜெபம் கொடுத்து அனுப்பக்கூடாது. இது உன் பாவம் இல்லை, எழுந்திரு என்று சொல்ல வேண்டும்.