கம்பளி முட்டை

“…அதுவும் முட்டையிடப் போறவளுக்கு முட்டையைக் காட்டியோ ஏமாத்திறது? மண்புழு, இறால், பாண் துண்டு, உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?”

சித்தி இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தேன். விடிந்தும் விடியாத ஒரு சனிக்கிழமை, ஏப்ரல் கடைசி. சித்தப்பா மேசையில் கத்தரிக்கோலும் நூலும் தூண்டில் முள்ளுமாகக் குனிந்திருந்தார். அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கம்பளி உருண்டை. மிளகைவிடப் பெரிது, கடலையைவிடச் சிறிது. பக்கத்தில் என்னுடைய பனித்தொப்பி மொட்டையாகக் கிடந்தது. அதன் உச்சியில் இருந்த குஞ்சத்தை அறுத்துத்தான் அந்த உருண்டை பிறந்திருக்கிறது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பெரிதாக அழுதேன்.

“அழாதை பிள்ளை. சினோ கொட்டி முடிஞ்சுதுதானே. இனி வாற மாரிக்கு உனக்குப் புதுத் தொப்பி,” என்றார் சித்தப்பா.

“பாத்தீங்களோ? ஆத்தில ஒருத்தியை அழப்பண்ண முந்தி வீட்டில ஒருத்தியை அழப்பண்ணியாச்சு,” என்றார் சித்தி.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரு அறை, அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும் மற்ற அறை, நான் ஹோலில் சோபா. சித்தி அப்போது ஐந்து மாதம். மற்றப் பெண்களுக்கு மூன்றாம் மாதத்தோடு நின்றுவிடும் மசக்கைச் சத்தி சித்திக்கு நிற்கவில்லை. சோற்றைக் கண்டால் ஓடுவார், பாணைக் கண்டால் ஓடுவார், அம்மா தாளிக்கத் தொடங்கினால் கடுகு வெடிக்க முந்தி குளியலறைக் கதவு வெடிக்கும். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அடுத்த முறை நிறை குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் சித்தியின் முகம் சுருங்கிப்போகும். அதற்கு முந்திய வருச மாரியில் ஒரு கிழமை அங்கே இருந்துவிட்டு வந்தவர் அவர். வயிற்றுவலி என்றுதான் எனக்குச் சொன்னார்கள். வயிற்றுவலிக்கு அம்மா ஏன் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கவேண்டும் என்று நான் யோசித்ததுண்டு. அது பிள்ளை தங்காமல் போன வலி என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

அந்தச் சித்திக்கு ஒரேயொரு ஆசை. தேங்காய்ப்பால் விட்ட மீன்சொதி. கடை மீன் சரிவராது. ஐஸ் பெட்டியில் கிடந்த மீனை அம்மா வீட்டுக்குள் கொண்டுவந்தாலே மூக்கைப் பொத்துவார். தண்ணீரிலிருந்து நேரே சட்டிக்கு வந்த மீன் வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவரின் நாக்கு அது, அதற்கு ஸ்காபரோ என்றும் தெரியாது, ஏப்ரல் என்றும் தெரியாது.

சித்தப்பாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்த போலந்துக்காரர் ஒருவர் மீன்பிடியில் பித்தர். அவர்தான் வழி சொன்னவர். பனி கரைகிற நாளில் பெரிய ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் என்கிற மீன் முட்டையிடுவதற்காக ஆறுகளில் ஏறி வரும். ஆள் முழங்கை நீளம், வெள்ளிபோல் பளபளக்கும். இந்தச் சனிக்கிழமையிலிருந்து பிடிக்கலாம். சித்தப்பா லைசென்சும் எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பெயரை ‘உருக்குத்தலை’ என்று தமிழாக்கி அறிவித்தார்.

“தலை உருக்கெண்டால் சொதிக்கு என்னத்தைப் போடுறது?” என்று சித்தி கேட்டார். அவருக்கு மீனில் தலைதான் மீன், மற்றதெல்லாம் வால்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பெண்சாதி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருசன் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது. இது எங்கள் ஆட்களிடம் சட்டம். எங்கள் ஊரில் ஒருவர் அந்த நேரத்தில் பாம்பை அடித்தாராம், பிறந்த பிள்ளை நாக்கை நீட்டி நீட்டி இழுத்ததாம். எங்கள் மாடிவீட்டில் பாம்பு இல்லாதபடியால் சித்தப்பா அதுவரை தப்பியிருந்தார். கரப்பான்பூச்சி அடிக்கும் பொறுப்பு அப்பாவுடையது.

ஆகவே மீன் விஷயத்திலும் பாவத்தைப் பங்கு பிரித்தார்கள். தூண்டிலை வீசுவது சித்தப்பா. மீன் தானாக வந்து விழுங்குவதால் அதில் குற்றம் இல்லை. இழுத்துக் கரை சேர்ப்பது அப்பா. தலையில் ஒரு போடு போடுவது போலந்துக்காரர், அவருக்கு இந்தச் சட்டம் தெரியாதபடியால் பாவமும் ஒட்டாது. பள்ளிக்கூடப் பின்னக் கணக்கை எனக்குப் படிப்பிக்க அந்தப் பாடு பட்ட அப்பா, இந்தப் பிரிவினையை எவ்வளவு இலகுவாகச் செய்தார்!

“கொன்றால் பாவம், தின்றால் போச்சு,” என்று முடிவுரையும் சொன்னார்.

“எனக்குத் திண்டதே நிக்குதில்லை அத்தான். பாவம் மட்டும் எப்பிடிப் போகும்?” என்றார் சித்தி.

எல்லாம் சரிக்கட்டிய பிறகுதான் அன்று விடியற்காலை இந்தக் கம்பளி முட்டை வந்து கதையைக் குழப்பியது. ஆறு ஏறுகிற நாளில் அந்த மீன் வேறொன்றையும் பெரிதாகத் தொடாது, தண்ணீரில் உருண்டு வருகிற முட்டையைத்தான் வாயில் எடுக்கும் என்று போலந்துக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் தன் தூண்டிலில் நிசமான மீன்முட்டையை வலைத்துணியில் சின்ன முடிச்சாகக் கட்டிப் போடுவார். அதற்கு முதலில் ஒரு தாய்மீனை அறுக்கவேண்டும். அந்தப் பாவம் வேண்டாமென்றுதான் தான் கம்பளிக்கு மாறியதாகச் சித்தப்பா வாதாடினார்.

“நிச முட்டைக்குக் கொல்லவேணும். இதுக்கு ஒரு தொப்பிதான் செத்தது. இது வெறும் பொய் தானேயப்பா.”

“ஓம், பொய்தான். ஆருக்குச் சொல்லுற பொய் எண்டு பாருங்கோ. வயித்தில பிள்ளையோட வாறவளுக்கு.”

“நீர் சும்மா இரும். அது பாசத்திலயோ கவ்வுது? தின்னத்தான் கவ்வுது. தன்ர இனத்தின்ர முட்டையையே தின்னுற சாதி.”

“தின்னத்தான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஐயோ, ஆரின்ரையோ பிள்ளை தண்ணியில அள்ளுப்பட்டுப் போகுதெண்டு தூக்கவும் வந்திருக்கலாம்.”

சித்தப்பா மேசையில் இருந்த உருண்டைகளை ஒரு தேயிலைத் தகரப் பேணிக்குள் போட்டார். புறப்படும்போது சித்தி கதவடியில் நின்று சொன்ன கடைசிச் சொல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

“ஆண்மீனாப் பாத்துப் பிடியுங்கோ!”

“தண்ணிக்குள்ள மீசையைத் தடவிப் பாத்தோ பிடிக்கிறது?” என்று சித்தப்பா லிஃப்டுக்குள்ளிருந்து கத்தினார்.

குஞ்சத்துக்கு நட்டஈடாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிக்கரிங் நகரையும் தாண்டிப்போய், ஏரியில் விழுகிற ஒரு ஆற்றங்கரையில் காரை நிறுத்தினார்கள். தேத்தண்ணி நிறத்தில் ஆறு. அங்கங்கே மர நிழலில் அழுக்குப் பனி. கரை நீளத்துக்கும் வெள்ளைக்காரர்கள் தோளோடு தோள் நின்றார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவில் இவ்வளவு சனத்தை இவ்வளவு அமைதியாகப் பார்க்கமுடியாது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அப்பா வேலைக்குப் போடும் சப்பாத்தோடு வந்திருந்தார். போலந்துக்காரர் இடுப்பளவு ரப்பர் காற்சட்டையோடு தண்ணீருக்குள் நின்றார். சித்தப்பாவின் தேயிலைப் பேணியைத் திறந்து பார்த்து, கம்பளி முட்டையை மூக்கில் வைத்து மணந்து, தலையை ஆட்டிவிட்டுத் தன்னுடைய நிச முட்டை முடிச்சை வீசினார்.

தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். அன்று எங்கள் மூன்று பேருக்கும் அங்கேதான் கண். மிதப்பு ஆற்றோடு போகும், சித்தப்பா இழுப்பார், திரும்ப வீசுவார். வெயில் ஏறிவிட்டது. நிச முட்டைக்கு ஒன்றும் படவில்லை. கம்பளிக்கும் படவில்லை. எனக்குப் பசி வந்து, அம்மா கட்டித் தந்த இடியப்பத்தையும் சம்பலையும் தின்று முடிக்கும் நேரம், மிதப்பு திடீரென்று காணாமல் போனது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்லமுடியாது. தடி வில்லாய் வளைந்தது. ஆற்றின் நடுவே வெள்ளித் தகடு ஒன்று துள்ளி எழும்பி விழுந்தது. “அண்ணை, பிடியுங்கோ, பிடியுங்கோ!” என்று சித்தப்பா தடியை அப்பாவிடம் நீட்டினார், பங்குப் பாவத்தை அப்போதும் மறக்கவில்லை மனிசன். அப்பா தடியைப் பிடித்தபடி சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். “விடாதேங்கோ!” “நான் எங்கை விட்டனான், அதுதான் என்னை விடுகுதில்லை!” போலந்துக்காரர் தன் மொழியில் ஏதோ கத்தினார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில்களைத் தூக்கி எங்களுக்கு வழிவிட்டார்கள். கடைசியில் மீன் கூழாங்கல் மேல் வந்து கிடந்தது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. என் கையைவிட நீளம். நான் கைதட்டித் துள்ளினேன். சித்திக்கு ஒரு தலை, எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு.

போலந்துக்காரர் ஒரு தடித்த மரப்பொல்லோடு வந்தார். சித்தப்பா முள்ளைக் கழற்றக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கம்பளி முட்டை மீனின் தொண்டைக்குள் போகவில்லை. உதட்டு நுனியில் இருந்தது, பூனை குட்டியைத் தூக்குவதுபோல. மீனின் அடிவயிற்றிலிருந்து நிச முட்டைகள் ஒவ்வொன்றாக வழிந்து கல்லுக்கு மேலே உருண்டன. ஒரே நிறம். ஒரே அளவு. எது என் தொப்பி, எது மீன் என்று சொல்லமுடியாது.

போலந்துக்காரருக்குப் பெரிய சந்தோசம். இந்த முட்டையை வைத்து இன்னும் எத்தனை மீன் பிடிக்கலாம் என்று கையை விரித்துக் காட்டினார். சித்தப்பா அவரைப் பார்க்கவேயில்லை. முள்ளை மெல்லத் திருப்பிக் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

“டேய், என்ன செய்யிறாய்? அவள் பசியோட பாத்துக்கொண்டிருக்கிறாளடா!” என்றார் அப்பா.

“தெரியும் அண்ணை.”

“பிறகென்ன? அடிக்கிறவன் அடிக்கட்டும், நீ அங்காலை திரும்பி நில்.”

“எந்தப் பக்கம் திரும்பினாலும் இது எனக்குத் தெரியும் அண்ணை.”

ஆற்றின் வரத்துக்கு எதிராக மீனின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிர்தண்ணீரில் நெடுநேரம் குந்தியிருந்தார். மீன் செவுளை அசைத்தது. பிறகு வாலால் அவருடைய முகத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிற்று. போலந்துக்காரர் பொல்லை மணலில் குத்திவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். சித்தப்பா அதன் பிறகு தூண்டில் வீசவில்லை.

காரில் திரும்பினோம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. குஞ்சமும் போய் மீனும் போய், அப்பாவின் சப்பாத்தும் போய்விட்டது. வீட்டில் என்ன சொல்வது என்பதை சிவப்பு விளக்கில் நின்றபோது சித்தப்பா முடிவெடுத்தார். “ஒண்டும் படேல்லை எண்டு சொல்லுவம். முட்டைக் கதை அவளுக்கு வேண்டாம்.”

வீட்டுக் கதவைத் திறந்தால் தேங்காய்ப்பால் வாசம். அம்மா சோறு ஆக்கி, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் போட்டுச் சொதியைக் கொதிக்கவைத்து, மீனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சித்தி குளியலறைக்கு ஓடாமல் மேசையடியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அதுவே பெரிய விஷயம்.

“ஒண்டும் படேல்லை,” என்றார் சித்தப்பா.

“பட்டது!” என்றேன் நான். “இவ்வளவு பெரிசு. வயித்தால முட்டை முட்டையா கல்லெல்லாம் கொட்டிச்சுது. சித்தப்பா ஆத்தில விட்டிட்டார்!”

அம்மா என் தோளில் கிள்ளினார். அப்பா தன் நனைந்த சப்பாத்தைப் பார்த்தார். சித்தப்பாவின் கண் சுவரில் இருந்த கலண்டருக்குப் போய்விட்டது.

சித்தி அவரைப் பார்த்துக் கேட்டார்.

“நீந்திப் போனதோ?”

“ஓம். எனக்கு ஒரு அறையும் விட்டிட்டுத்தான் போனது.”

“தேவைதான் உங்களுக்கு,” என்றார் சித்தி.

சித்தப்பா கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

“நில்லுங்கோ. கழுவாதேங்கோ.”

“மீன் மணம் அடிக்குதப்பா. பிறகு சத்தி எடுப்பீர்.”

“அந்த மணத்துக்குத்தான் சொல்லுறன். உந்தக் கையாலயே சோத்தைக் குழைச்சுத் தாங்கோ.”

“என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்? ஆத்துத் தண்ணி, ஊத்தை!” என்று அம்மா பதறினார். ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பா கோப்பையில் சோற்றைப் போட்டு, மீனில்லாத மீன்சொதியை ஊற்றி, அந்தக் கையால் குழைத்து, ஒரு உருண்டை பிடித்தார். வெறும் மணம் போதுமென்றால் பிக்கரிங் தாண்டி அவ்வளவு தூரம் ஏன் போனோம், என் குஞ்சத்தை ஏன் அறுத்தார்கள் என்று நான் நினைத்தேன்.

சித்தி அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த உருண்டையைத் தின்றார். பிறகு, அடுத்ததற்கு வாயைத் திறந்தார்.