மூன்று இலை ஆகாது என்றவர்

எடப்பாடிக்கு மேற்கே, காவேரித் துறை ஒன்றில் நான் சில மாதம் மோட்டார் படகு ஓட்டினேன். அந்தத் துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. திருடர், குடிகாரர் என்றால் மறந்திருப்பேன். பிடித்த பிடியை விடாதவர். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ராசிபுரம் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன், பருத்தி அரவை மில்லில் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டேன், அங்கேயும் நிலைக்காமல் மேட்டூர் அணை வேலைக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. படகின் பின்பலகையில் மாட்டுகிற சின்ன இஞ்சின் அது. கைப்பிடியைத் திருப்பினால் இஞ்சினே திரும்பும்; படகும் திரும்பும். தனியாகச் சுக்கான் கிடையாது. அணை முடிந்து துரை ஊருக்குப் போனபோது முதலாளி அந்த இஞ்சினை வாங்கினார். இஞ்சினோடு நானும் வந்தேன்.

கூடவே இரண்டு பித்தளை விசிறிகள் வந்தன. தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுவது இந்த விசிறிதான். ஒன்றுக்கு இரண்டு இலை, ஒடுங்கலாக, நன்றாகச் சாய்ந்திருக்கும். ஒரு சுற்றுக்கு நெடுந்தூரம் போகப் பார்க்கும். துரை தனியாக மீன் பிடிக்கப் போகும்போது அதைப் போடுவார். இன்னொன்றுக்கு மூன்று இலை, அகலம் அதிகம், சாய்வு குறைவு. ஆட்களையும் சிமெண்டு மூட்டையையும் ஏற்றுகிற நாளில் அதுதான். வேகம் வராது. ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தள்ளும், திருப்பினால் திரும்பும்.

துறையில் படகுக்குப் பூசை போட்ட அன்று நான் மூன்று இலை விசிறியை மாட்டி வைத்திருந்தேன். முதலாளி குனிந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

“ஏப்பா, இதென்ன மூணா இருக்குது?”

“ஆமாங்க மொதலாளி. பாரத்துக்கு இதுதானுங்க.”

“மூணு பேராச் சேந்து ஒரு நல்ல காரியத்துக்குப் போவமா? கண்ணாலம் காச்சிக்குப் போற சனம் ஏறுற படகு. மூணு ஆகாது. அதைக் கழட்டு.”

“மூணு பேராப் போனா நாலாவதுக்கு ஒரு கல்லை மடியில கட்டிக்கிட்டுப் போறமில்லீங்களா? இதுக்கும் ஒரு கல்லைக் கட்டி வுட்டர்லாமுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் என் வாயை அடக்கியிருந்தாலும் அவர் மாறியிருக்க மாட்டார். இரண்டு இலையை மாட்டினேன். பூசைப் படகில் அவரும் நானும் மட்டும் போனோம். சீறிக்கொண்டு போயிற்று. “பாத்தியா, ரெண்டுன்னா ரெண்டுதான்!” என்று அவர் தொடையைத் தட்டினார்.

ஆள் ஏறியதும் வண்டவாளம் தெரிந்தது. பாரம் கூடினால் இஞ்சினுக்கு அந்த நீள எட்டை எடுத்து வைக்க மூச்சு இல்லை. முக்கும், புகையும், சூடேறும். கைப்பிடி நடுங்கும், ஒரே பக்கமாக இழுக்கும். அக்குளில் இடுக்கிப் பிடித்து எனக்குத் தோள் வீங்கிப்போயிற்று. விசிறி தள்ளுகிற தண்ணீர்தான் படகைத் திருப்ப வேண்டும். அது சரியாகத் தள்ளவில்லை என்றால் எவன் பிடித்தாலும் படகு திரும்பாது. முதலாளியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். “உங்கைதான் சரியில்ல” என்பார்.

அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டிருந்த ஒரு சந்தை நாள். படகு நிறையச் சனம், கடலை மூட்டை, கோழிக்கூடை. எடப்பாடி நெசவுக்காரம்மா ஒருவர் தறியில் ஏற்றக் கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு நூலைச் சுருட்டித் துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தார். அக்கரையில் அவருடைய தம்பி வீட்டுத் தறி பாவு இல்லாமல் சும்மா கிடந்தது. “நனையாமக் கொண்டுபோய்ச் சேத்தீரு சாமி” என்று ஏறும்போதே என்னிடம் சொன்னார்.

நடு ஆற்றைத் தாண்டி ஓட்டத்துக்கு எதிராகப் படகின் மூக்கைத் திருப்பினேன். விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் காற்றைக் குடித்துவிட்டது. இஞ்சின் வீலென்று கத்தியது, படகு அசையவில்லை. ஆறு எங்களைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய், துறைக்கு வெகு கீழே மணல் திட்டில் மோதியது. தண்ணீர் உள்ளே ஏறிற்று. உயிருக்குச் சேதமில்லை. பாவு முழுக்க நனைந்துவிட்டது.

மணலில் அந்த அம்மாள் பாவைப் பிரித்துப் போட்டார். கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டிக் கிடந்தது. “ரெண்டு எலையோ மூணு எலையோ, எனக்கென்னடா தெரியும்? நீதான ஓட்டுன?” என்று என்னைத்தான் வைதார். சரிதான். கைப்பிடி என் கையில்தானே இருந்தது.

அடுத்த சந்தைக்கு நான் இஞ்சினைத் தொடவில்லை. மூன்று இலையைப் போட்டால்தான் எடுப்பேன் என்று கரையில் நின்றேன். சனம் காத்திருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே படகில் ஏறினார். இஞ்சினைக் கிளப்பக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒற்றை ஆளாக அக்கரைக்குப் போய், அழகாகத் திரும்பி, போன வேகத்திலேயே வந்தார். சனம் கை தட்டியது.

“விசிறியில என்னடா கொறை?” என்றார், மீசையை ஒதுக்கிக்கொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ஒத்தை ஆளுக்கு ஓடுமுங்க. அன்னைக்கு ஏறுன பாரத்தை ஏத்திக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க!”

“எனக்குச் சொல்லித்தர வந்துட்டானப்பா, இஞ்சினியரு!”

மறுபடியும் சிரிப்பு, இந்த முறை என்னைப் பார்த்து. அதற்குள் பின்னாலிருந்து அந்த நெசவுக்காரம்மாளின் குரல் வந்தது. “ஏனுங்க, தனியாப் போறப்ப நல்லாத்தான் போவுது. எங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிக் காட்டுனாத்தான் என்னங்க?”

“நீ ஏறு, காட்டறேன்.”

“நான் ஏற மாட்டனுங்க.”

அந்த அம்மாள் துறையோரம் நின்ற பரிசலுக்கு நடந்தார். கூடவே நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் மோட்டார் படகிலேயே ஏறினார்கள். சத்தமும் புகையும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஏறாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கிழவர், “வேலை போன வயித்தெரிச்சல்ல கத்தறான், உடுங்கப்பா” என்றார்.

படகு புகையைக் கக்கிக்கொண்டு, மூக்கு ஓட்டத்தோடு கீழே கீழே இழுபட, ஆற்றுக்குள் போயிற்று. எங்கே போய்க் கரை தட்டியது என்று நான் நின்று பார்க்கவில்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எடப்பாடி ரோட்டில் நடந்தேன்.