பதினேழாம் எண் எலியும் ஒரு சாக்கு எலுமிச்சையும்

சங்கரேஸ்வரி வளர்க்கிற எலியின் ரத்தத்தில் ஒரு சொட்டு போதும், புற்றுநோய் ஓடிவிடும் என்று தென்காசி சந்தையில் பேச்சு. எலி பூனையளவு இருக்கும் என்றார் ஒருவர். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற்கெனவே இரண்டு எலி கேரளாவுக்குப் போய்விட்டது, அந்தக் காசில்தான் அவள் இலஞ்சியில் மாடி எடுத்தாள் என்று இன்னொருவர் சத்தியமே செய்தார்.

விசாரிக்கப் போனால் மாடி இல்லை. ஓட்டு வீடு, சாரலுக்கு ஒழுகுகிறது. எலி உண்டு. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைச் சுண்டெலி. அதுவும் அவளுடையதல்ல, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்துடையது. அங்கே கூண்டுகளில் உமி மாற்றுவதும் தீவனம் வைப்பதும் அவள் வேலை.

மகன் ராணுவத்தில். எப்போதாவது இரவில் நாலு நிமிடம் பேசுவான். எலியைத் தொட்ட கை என்று தெருவில் யாரும் அவள் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை. தங்கள் அடுக்களையில் எலி ஓடாத வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம். பேச வேண்டியதையெல்லாம் அவள் கூண்டுகளிடம் பேசிவிடுவாள். கேட்டதை வெளியே சொல்லாத ஜீவன்கள்.

ஆய்வகத்தில் எல்லா எலிக்கும் தோலுக்கடியில் ஒரே ரசாயனத்தை ஏற்றுவார்கள். சில மாதத்தில் கட்டி வரும். பதினேழாம் எண் எலிக்கு வந்த கட்டியை அறுத்தெடுத்து, அதே கட்டியின் செல்களைத் திரும்ப அதற்கே ஏற்றிப் பார்த்தார்கள். முளைக்கவில்லை. அதன் உடம்பு எதிரியை ஞாபகம் வைத்திருந்து விரட்டிவிட்டது. இந்தச் சந்தோஷத்தைத் தெருவில் கூவி வந்த மீன்காரியிடம் சொன்னதுதான் சங்கரேஸ்வரி செய்த தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் இசக்கிதுரை ஒரு சாக்குப் பழத்தோடு வாசலில் வந்து நின்றார். மனைவிக்கு மார்பில் கட்டி, ஆஸ்பத்திரியில் ஊசி ஏறுகிறது, அந்த எலி ரத்தமும் கிடைத்தால் நல்லது என்றார். சங்கரேஸ்வரி காபி கொடுத்தாள். அவர் கசடு வரைக்கும் குடித்தார். அந்த வீட்டில் வேற்றாள் ஒருவர் காபி குடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"அவளுக்கு வாய்க்கு ஒண்ணும் ருசிக்கல தாயி. புளிப்பா கேக்குதா."

"ஊறுகா போட்டுத் தாரேன் அண்ணாச்சி. எலி விஷயம், கேட்டுச் சொல்லுதேன்."

பதில் அவளுக்கு அன்றைக்கே தெரியும்: ஆகாது. சொல்லிவிட்டால் ஆள் வரமாட்டார் என்பதும் தெரியும். கேட்டுச் சொல்லுதேன், கேட்டுச் சொல்லுதேன் என்றே மூன்று ஞாயிறு காபி ஆற்றினாள். நாலாம் ஞாயிறு அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"செவ்வாக்கெழம ஊசி. வேண்டாம்னுட்டேன். அதான் ஒன் எலி இருக்குல்லா!"

ஆற்றின காபியை அவள் அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன அண்ணாச்சி, கூறில்லாம பேசுதீய! அது ரத்தம் ஒங்க வீட்டம்மாவுக்கு ஆவாது."

"ஏன் ஆவாது? ஒத்தப் பழத்த நறுக்கிப் பாத்து மூட்டைக்கே வெல சொல்லுதவன் நான். எல்லா எலிக்கும் ஒரே மருந்துதான ஏத்துனாவ? ஒண்ணு ஜெயிச்சா எல்லாத்துக்கும் ஆச்சுல்லா?"

"கட்டி எலுமிச்சம்பழம் இல்ல அண்ணாச்சி. பக்கத்துக் கூண்டு எலியோட கட்டிய எடுத்து இதுக்கு ஏத்துனாவ. அதையும் வெரட்டிரும்னுதான் நானும் பாத்தேன். புளியங்கொட்ட கணக்கா வளந்து நிக்கி. ஒரே மருந்துல வந்தாலும் ஒவ்வொரு கட்டிக்கும் வேற மொகம். இது தன் கட்டிய மட்டுந்தான் அறியும். அடுத்த எலிக்கே ஆவாதது மனுசிக்கு எப்படி ஆவும்?"

இசக்கிதுரை குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாயிலிருந்து இறக்கினார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

சங்கரேஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போயிருங்க அண்ணாச்சி."

பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் போட்டாள். "மொதலாளி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ" என்றது ஒரு குரல். அப்பாடா என்று போனை வைத்தாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் வரவில்லை. ஆய்வு முடிந்தது, எலியும் முடிந்தது; பதினேழாம் எண் கூண்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஒரு சாக்கு எலுமிச்சைக்குச் சங்கரேஸ்வரி எலியை விற்றுவிட்டாள் என்பது சந்தையில் இப்போதைய பேச்சு.

ஊறுகாய் நன்றாக ஊறிவிட்டது. இசக்கிதுரை மனைவிக்கென்று வாக்குக் கொடுத்த ஜாடி, வாயில் துணி கட்டியபடி, இன்னும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது.