வாசிப்புத் தாள்

ஸர்கா அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் விஜ்தான் தலைமை நர்ஸாக இருந்தாள். நல்ல உயரம், கொஞ்சம் கட்டையான குரல், சிரிக்கும்போதுகூட யாரையோ கண்டிப்பது போன்ற முகம். அவளிடம் வேலை பழகிய பெண்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவள் கடைசி நாளில் ஒரு தட்டு குனாஃபா இனிப்பு கொண்டுவந்து வைப்பாள். விஜ்தான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, போய்ப் பெயர் வாங்கு என்பாள். அடுத்து வருகிறவளுக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பாள்.

நாமும் போகலாமே என்று முதலில் சொன்னவன் அவள் கணவன் நாயிஃப்தான். ஸர்காவுக்கும் தலைநகர் அம்மானுக்கும் நடுவே சொந்தமாக ஷேர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். பத்து வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. பெண்கள் இரண்டு பேர், மூத்தவள் லயான் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். "உன்கிட்ட படிச்சதுங்க எல்லாம் போயிடுச்சு, வாத்தியாரம்மா மட்டும் இங்கேயே பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா" என்று அவன் சாப்பாட்டு நேரத்தில் குத்துவான். விஜ்தானுக்கு அது உறைத்தது.

அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். கேட்பது, பேசுவது, எழுதுவது, வாசிப்பது என்று நான்கு பகுதி. நான்கிலும் மதிப்பெண் வர வேண்டும். கடைத்தெருவில் பலகாரக் கடைக்கு மேல்மாடியில் உஸ்தாத் ஷுக்ரி என்பவர் அதற்கென்று பயிற்சி வகுப்பு நடத்தினார். விஜ்தான் அங்கே பெயரைப் பதிந்தாள். கூடவே ஹனாதியும் பதிந்தாள்.

ஹனாதி அதே பிரிவில் வேலை பார்த்தவள், அவளைவிட ஏழெட்டு வயது இளையவள். விவாகரத்தாகி அம்மா வீட்டில் இருந்தாள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆங்கிலம் மகா மட்டம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்ததும் விஜ்தான் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் மக்லூபாச் சோற்றைச் சட்டியோடு தட்டில் கவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, சேஜ் இலை போட்ட தேநீரோடு சொற்களோடு மல்லுக்கட்டுவார்கள். நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்சார்ஜ், காயத்திலிருந்து சீழ் வடிவதும் டிஸ்சார்ஜ் என்பது ஹனாதிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வகுப்பில் ஒருமுறை ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்து, "காயம் குணமாகி வீட்டுக்குப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். விஜ்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விஜ்தான் படித்தது பெரும்பாலும் வார்டில்தான். நோயாளிகள் இயந்திரத்தோடு இணைந்து அரை நாள் படுத்துக் கிடப்பார்கள். அவர்களில் அபூ ஸாலிம் என்று ஒரு பழைய லாரி டிரைவர். விஜ்தான் தன் சொல் அட்டைகளை அவரிடம் கொடுத்துவிடுவாள். அவர் அரபு வார்த்தையை வாசிப்பார், அவள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால், சரியாகச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆகிறது என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

முதல் தடவை எழுதியபோது ஹனாதி நான்கிலும் கவிழ்ந்தாள். விஜ்தான் மூன்றில் தேறி வாசிப்பில் மட்டும் விட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. வாசிப்புத் தாளில் கொடுக்கிற நேரம் மேலோட்டமாகப் புரட்டத்தான் போதும். ஒரே நோயைப் பற்றி நான்கு துண்டுகள் இருக்கும், கேட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதிவிட்டு ஓட வேண்டும். அவளால் அப்படி ஓட முடியவில்லை. மருந்தின் அளவு என்று கண்ணில் பட்டால் யாருக்கு, எத்தனை வேளை, சிறுநீரகம் கெட்டவருக்கா என்று முழுதும் வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். இருபது வருட வேலை கொடுத்த பழக்கம், மணி அடிக்கும்போது கடைசிப் பக்கம் அப்படியே கிடக்கும்.

மூன்றாம் தடவைக்கு முன்பு ஷுக்ரி சிலரைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கேள்வித் தாளும் விடையும் முன்கூட்டியே கிடைக்கும், பணம் வேறு, பேச்சு வெளியே போகக் கூடாது. ஹனாதி ஒப்புக்கொண்டுவிட்டு நேரே விஜ்தானிடம் வந்து சொன்னாள். நீயும் வாங்கிக்கொள் அக்கா, உனக்கு ஒரு தாள்தானே வேண்டும் என்றாள்.

விஜ்தான் மாட்டேன் என்றாள். பாவபுண்ணியம் பார்த்து மட்டும் சொன்னதல்ல. அதைவிட வீம்பு அதிகம். தன்னால் வாசிக்க முடிகிற ஒன்றை வாசிக்காமல் வாங்குவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. ஹனாதியையும் திட்டித் தீர்த்தாள். "அங்க டாக்டர் சொல்றது புரியாம எவனையாவது சாகடிச்சிட்டு வருவடி" என்றாள்.

ஹனாதி கோபித்துக்கொள்ளவில்லை. "நீ மகாராணி அக்கா. உனக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு. எனக்கு எங்கண்ணன் பொண்டாட்டி மூஞ்சியைத் தினம் பாக்கணும். நான் போறேன்" என்றாள்.

நாயிஃபுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் பெரிய சண்டை. ஊரே ஒரு வழியில் போகும்போது இவள் மட்டும் சுவரில் முட்டுகிறாளே என்று அவனுக்கு ஆத்திரம். "நேர்மைக்கு எவனும் விசா ஒட்டித் தரமாட்டான், தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய் டாக்சியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஹனாதி தேறினாள். விஜ்தான் மறுபடியும் வாசிப்பில் விட்டாள். கோடை முடிவதற்குள் ஹனாதி இங்கிலாந்தில் வடக்குப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்குப் போய்விட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன குனாஃபாவை விஜ்தான் தொடவில்லை.

ஹனாதி போன இரண்டாம் வாரமே போன் செய்தாள். வார்டின் கழிப்பறைக்குள் நின்று ரகசியமாகப் பேசினாள். ஒரு கிழவி ஒரு காசு செலவழிக்க வேண்டும் என்கிறாள், நான் பணப்பையை எடுத்துக் கொடுத்தேன், அழுகிறாள், என்ன செய்ய என்றாள். விஜ்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள்: பழைய காலத்து மனுஷி, சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை அப்படிச் சொல்கிறாள், ஓடு. அதற்குள் படுக்கை நனைந்திருந்தது.

அதன்பின் தினம் ஒரு போன், சில நாளில் இரண்டு மூன்று. விஜ்தான் வேலைக்கு நடுவில் காதில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொன்னாள். அபூ ஸாலிம் படுத்தபடியே கேட்பார்: "அந்தத் தேர்வுல தேறினது யாரு, நீயா அவளா?"

ஒருநாள் ஹனாதி அழுதுகொண்டே கூப்பிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று படுக்கை மேல் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஸர்காவில் அதற்கு வேறு எழுத்துகள் போடுவார்கள், அங்கே வேறு சொற்கள். இவள் புரியாமல் காலை உணவு ஊட்டிவிட்டாள். சிகிச்சை தள்ளிப்போனது. மேலதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறாள். விஜ்தான் மாலை முழுக்க உட்கார்ந்து அந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். மறுநாள் ஹனாதி சொன்னாள், எழுத்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினாளாம். விஜ்தான் சரி என்று சொல்லி போனை வைத்தாள்.

ஆனால் அந்தப் போன்கள் அவளுக்கும் ஏதோ செய்திருந்தன. ஹனாதி அவசரத்தில் படம் எடுத்து அனுப்பிய குறிப்புகளை நின்ற நிலையில் வாசித்து, தேவையானதை மட்டும் உருவி உடனே பதில் சொல்லிப் பழகிவிட்டது. ஷுக்ரியின் வகுப்பில் பெயர் அப்படியே இருக்க, நான்காம் தடவை தேர்வுக்குப் போனபோது கண் தானாக ஓடியது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் மணி அடிக்கவில்லை. மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் சும்மா உட்கார்ந்திருந்ததை அவள் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

நான்கிலும் தேறினாள். வார்டு முழுக்கக் குனாஃபா கொடுத்தாள். சர்க்கரை கூடாது என்று தெரிந்தும் அபூ ஸாலிம் ஒரு துணுக்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாயிஃப் அன்று அவள் முன்னால் நின்று, "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே" என்றான். பயணத்துக்கும் மற்றச் செலவுக்குமாக டாக்சியை விற்றான். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. விஜ்தான் ராஜினாமா கொடுத்தாள். அவள் இடத்துக்கு வேறொருத்தியைத் தலைமை நர்ஸாகப் போட்டார்கள்.

விசாவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் கடைசியாக எழுதிய மையத்தில் பலருடைய விடைகள் ஒரே அச்சாக இருக்கின்றன, தாள் முன்கூட்டியே வெளியாகியிருக்கிறது. ஆகவே ஷுக்ரியின் வகுப்பில் பதிந்திருந்து அன்று எழுதிய அத்தனை பேரின் முடிவும் ரத்து. இரண்டு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது. விஜ்தான் அதைத் தன் வழக்கப்படி முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை வாசித்தாள். எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

முந்தைய வருடங்களில் அதே வழியில் போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. தான் தாளை வாங்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாங்காததற்கு என்ன ஆதாரம் காட்டுவது? ஷுக்ரி வகுப்பைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். கணவன் சாட்சி எடுபடாது, அவனை விட்டால் அவள் மறுத்தது தெரிந்த ஒரே ஆள் ஹனாதி. ஷுக்ரி தாள் விற்றார், விஜ்தான் வேண்டாம் என்றாள் என்று இரண்டு வரி எழுதித் தா என்று கேட்டாள்.

ஹனாதி சொன்னாள், "உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே அக்கா. நான் என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

"சொன்னா என் பதிவு போயிடும். திரும்ப அந்த வீட்டுக்கு என்னால வர முடியாது. வேற என்ன வேணும்னாலும் கேளு. பணம் வேணும்னா அனுப்புறேன்."

"உன் பணத்தை நீயே வச்சுக்கோ" என்று விஜ்தான் போனை வைத்தாள்.

மேல்முறையீடு நிற்கவில்லை. அபூ ஸாலிமிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "திருடனைப் பிடிக்க வந்தவன் தெருவையே கட்டித் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

வேலையைத் திரும்பக் கேட்டு அலைந்தாள். கிடைத்தது, ஆனால் டயாலிசிஸில் இல்லை. ஊருக்கு வெளியே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் ஒரு சிறு சுகாதார நிலையத்தில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை. ஜன்னலைத் திறந்தால் புகை நாற்றம். நாயிஃப் தான் விற்ற அதே டாக்சியை, வாங்கினவனிடம் கூலிக்கு ஓட்டினான். வண்டியைக் கவனமாகத் துடைக்கும்படி அவன் சொல்வதுதான் நாயிஃபுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஹனாதியின் போன் வந்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். மறுபடி மறுபடி அடித்ததும் எடுத்தாள். ஹனாதி நலம் விசாரிக்கவில்லை, மூச்சு வாங்கப் பேசினாள். ஒரு நோயாளியின் குறிப்பில் ஒரு சொல், மருந்தை நிறுத்தச் சொல்கிறதா கூட்டச் சொல்கிறதா தெரியவில்லை, பக்கத்தில் கேட்க ஆளில்லை. தெரியாது என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் கையில் ஊசியோடு படுத்திருந்தார்.

"படிப்படியாக் குறைக்கணும். சட்டுனு நிறுத்தக் கூடாது" என்றாள். பிறகு, "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்றாள்.

ஹனாதி பண்ணவில்லை.

தடை முடிந்தபோது லயான், உம்மா இப்போது எழுதலாமே என்று ஞாபகப்படுத்தினாள். விஜ்தான் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து பார்த்தாள். சொற்கள் எல்லாம் தெரிந்தவையாக இருந்தன. வாசிக்கத்தான் மனம் வரவில்லை. அரைப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுப் பருப்பு ஊற வைக்க எழுந்துபோனாள்.

அந்தக் கோடையில் ஹனாதி விடுமுறைக்கு வந்தாள். அவள் அம்மா நேரில் வந்து அழைத்ததால் விஜ்தானால் தட்ட முடியவில்லை. கூடம் நிறையப் பெண்கள். அண்ணன் மனைவி தட்டு தட்டாகக் கொண்டுவந்து ஹனாதி முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். ஹனாதி எல்லோருக்கும் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் கொடுத்தாள். விஜ்தானுக்குக் கொடுத்தது எல்லாவற்றிலும் பெரிய பெட்டி. வேலை எல்லாம் பழகிவிட்டது, பதவி உயர்வு வருகிறது என்றாள்.

பேச்சுவாக்கில் விஜ்தான் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினாள். ஹனாதி சிரித்துக்கொண்டே அவள் கையைத் தட்டினாள்.

"அப்படிச் சொல்ல மாட்டாங்க அக்கா. அது புத்தகத்துல இருக்கிற இங்கிலீஷ். அங்க யாரும் அப்படிப் பேசுறதில்லை" என்று சொல்லி, அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். அவளுக்கு அதில் எந்த உள்நோக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்படியா" என்றாள் விஜ்தான். தேநீரைக் குடித்து முடித்தாள், கிளாஸைத் தட்டில் வைத்தாள், எழுந்து ஹனாதியின் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டு விடைபெற்றாள். கீழே நாயிஃப் வண்டிக்குள் காத்திருந்தான். பெட்டியில் என்ன என்று கேட்டான். பிள்ளைகளுக்கு சாக்லேட் என்றாள். அவன் சாவியைத் திருப்பினான்.