நுரையக்கா மடித்த பைகள்

என் நாத்தனார் பற்பசை ஆலையொன்றின் கலவைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். ஆலையில் அவருக்கு வழங்கிய பெயர் நுரையக்கா. நுரை பொங்கி வழியாமல் கொப்பரையை ஆள்வதில் அவருக்கு நிகர் எவருமில்லை.

வீட்டில் பல் துலக்குகிறவர்களையும் அவர் சும்மா விடமாட்டார்.

"அழுக்கைத் தேய்க்கிறது சுண்ணாம்புக்கல் தூள், அண்ணி. பசை காயாம வெச்சுக்கிறது கிளிசரின். நுரை பாதி உழைக்கும், பாதி படம் காட்டும். பல்லைக் கெட்டிப்படுத்துறது ஃபுளோரைடு. துப்பிட்டு உடனே கொப்பளிச்சீங்கன்னா அதுவும் தண்ணியோட போயிடும்!"

"அதுக்காக வாயெல்லாம் நுரையோட வெள்ளையடிச்ச சுவரு மாதிரி நிக்கணுமாடி?" என்பேன்.

காலியான பொடிப் பைகளை அவர் எறிவதில்லை. ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, செய்முறைத் தாளோடு ஒப்பிட்ட பிறகே கலவையை வெளியேற்ற விடுவார். தலைமைக் கலவையாளர் பதவி அவருக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்தப் பையில் இருந்தது பக்கத்துக் கொப்பரைக்குரிய வேறு வகை ஃபுளோரைடு. அவருடைய கொப்பரையிலோ சுண்ணாம்புக்கல் தூள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஃபுளோரைடு பல்லுக்கு வந்து சேராது. பையைக் கொட்டியவர் அவரே.

நேராக மேலாளரிடம் சென்று சொன்னார்.

"நுரை வருது, வாசனை வருது. யாருக்குக்கா தெரியப் போகுது?" என்றார் மேலாளர்.

"பல்லுக்குத் தெரியும், சார்."

"தப்பை எழுத்துல குடுத்தீங்கன்னா இந்தத் தடவை பதவி உங்களுக்கு இல்ல."

"பதவி போனா இன்னொரு தடவை வரும். பல்லு போனா வருமா, சார்?"

சென்ற மாதந்தான் கடைவாய்ப் பல்லொன்றைப் பறிகொடுத்திருந்த மேலாளர், கன்னத்தைத் தடவிக்கொண்டே, நாத்தனார் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்திட்டார். ஒரு கொப்பரைப் பசை முழுவதும் கழிவுக்குப் போயிற்று. நாத்தனாரே உள்ளே குனிந்து சுரண்டிக் கழுவினார்.

பதவி, அவரோடு ஓயாமல் வாய்ச்சண்டையிடும் பக்கத்துக் கொப்பரைக்காரருக்குக் கிடைத்தது. அவர் பிறப்பித்த முதல் உத்தரவு இது: "நுரையக்கா பையை மடிச்சுப் பாக்காம எந்தக் கொப்பரையையும் திறக்கக் கூடாது."

"ஆலையில இருக்கிற மூணு கொப்பரையும் இப்ப என் தலையில, அண்ணி" என்று மறுநாட்காலை சலித்துக்கொண்டவர், வாய் நிறைய நுரையோடு சிரித்தார்.