புகை வராத பெட்டி

என் கணவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்ன நேரம் நாங்கள் லிட்கமில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் ஒலிம்பிக் நடந்து முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு லோண்டரியில் வேலை. ஆஸ்பத்திரித் துணி வரும், வெளுத்து மடித்து அனுப்புவோம். இவர் வேலையை விட்டுவிட்டார்.

மருந்து ஏற்றினால் இவருக்குச் சாப்பாட்டு மணமே ஆகாது. கஞ்சிக் கோப்பையைக் கண்டதும் ஓங்காளிப்பார். டொக்டர் தராசில் ஏற்றிப் பார்த்தார். இன்னும் நிறை குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற மாட்டோம், உடம்பு தாங்காது என்றார். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

பக்கத்து மெரிலேண்ட்ஸில் இருந்து இவருடைய சிநேகிதர் ஒருவர் வந்து பார்ப்பார். மலேசியத் தமிழர். படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டு இவரோடு ஒரே பெயின்ட் ஃபாக்டரியில் வேலை செய்தார். முதுகில் அடிபட்டு அவரும் வீட்டில்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கஞ்சா இழுத்தா பசி வரும்."

"உங்களுக்கென்ன விசரே?"

"என் முதுகுக்கு அதான் மருந்து. எங்க ஊர்ல இதுக்குத் தூக்கு. இங்க அவ்வளவு இல்ல லா."

இவர் கதிரையில் இருந்து சிரித்தார். நோய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். "இஞ்சை பாரும், தூக்கிலை போடுற நாட்டுக்காரன் எனக்கு வைத்தியம் சொல்லுறான்."

ஆனால் இவருடைய நெஞ்சு புகை தாங்காது. பழைய சிகரெட்டும் ஃபாக்டரித் தூசும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. வாசல் படி ஏறினாலே இழுக்கும். அதைச் சொன்னேன்.

அடுத்த முறை அவர் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே சின்ன மரப்பெட்டி. கரண்டில் செருகுவது. முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய்.

"இது எரிக்காது அக்கா. இலைய சூடாக்கும், அவ்வளவுதான். புகை இல்ல, ஆவி."

"இதை ஆர் பாவிக்கினம்?"

"யாரும் இல்ல. இந்த ஊர்ல சுருட்டி இழுக்கறவன் தெருவுக்கு நாலு பேரு. ஜூஸ் போத்தல்ல ஓட்ட போட்டு, தோட்டத்துக் குழாயச் செருகி இழுக்கறவன் அதவிட ஜாஸ்தி. இந்தப் பெட்டி வச்சிருக்கறது, எனக்குத் தெரிஞ்சு, நானும் எனக்கு வித்த வெள்ளக்காரனும்தான்."

அது உண்மை. பின்வீட்டுப் பெடியள் இழுப்பது வேலிக்கு மேலால் வரும். லோண்டரியில் லொறிக்காரர்கள் சாப்பாட்டு நேரம் பின்பக்கம் போய்ச் சிவந்த கண்ணோடு வருவார்கள். அந்த மணம் எல்லாருக்கும் பழக்கம். இந்தப் பெட்டியை ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் கூடுதல் பயம். எல்லாரும் செய்வதில் பிடிபட்டால் எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லலாம். மெஷின் பிடிபட்டால் என்ன சொல்வது? வியாபாரம் என்றுதான் நினைப்பார்கள். சண்டைக் காலத்தில் ஊரில் ஒரு பற்றரி வைத்திருந்ததற்காக ஆமிக்காரர் ஆட்களைக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் குழாயை இவர் வாயில் வைத்தேன். மெல்லிய ஆவி. சோளம் பொரிக்கிற மாதிரி ஒரு மணம், கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. இருமல் வரவில்லை. பிறகு இவர் கேட்டார், "சோறு இருக்கோ?"

நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு சோறு போட்டேன்.

அன்றிலிருந்து பயமும் சோறும் ஒன்றாகத்தான் நடந்தன. ஜன்னல்களைச் சாத்துவேன். வாசலில் கார்க் கதவு அடித்தால் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவேன். ஒருநாள் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் பொலிஸ் நாயோடு நின்றது. என்னிடம் ஒன்றும் இல்லை. என் சட்டையில் மணம் இருக்குமோ என்று கால் நகரவில்லை. நாய் என் பையை மணந்துவிட்டு ஒரு பெடியனிடம் போனது. நான் வீட்டுக்கு வந்து எல்லாச் சட்டையையும் தோய்த்தேன்.

புகைத்தால் மிஞ்சுவது சாம்பல். தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடலாம். பெட்டியில் மிஞ்சுவது இலைதான், வறுத்த மாதிரி பழுப்பாக. சிநேகிதர் சொல்லியிருந்தார், "அதுலயும் சத்து இருக்கு அக்கா, கவனம்." குப்பை வாளியில் போட எனக்குத் துணிவு வரவில்லை. குப்பைக்காரன் பார்த்தால்? பின்வளவில் தாட்டால் பக்கத்து வீட்டு நாய் கிளறினால்? ஒரு ஜாம் போத்தலில் சேர்த்தேன். குசினியில் கறித்தூள் டின்களுக்குப் பின்னால் வைத்தேன்.

மெல்பேர்ணில் இருந்து மச்சாள் வந்தா. இவருடைய அக்கா. தம்பியைப் பார்க்க வந்து, குசினியைத் தான் எடுத்துக்கொண்டா. பெட்டியைப் பற்றி நாங்கள் அவவிடம் சொல்லவில்லை. நல்ல மனுசி, ஆனால் சனம் என்ன சொல்லும் என்று பயம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையால் வந்தேன். மச்சாள் வாசலுக்கே வந்துவிட்டா.

"உன்ரை மனுசன் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவன்!"

"என்ன கறி மச்சாள்?"

"கோழி. நான் சைவமெல்லோ, வாயிலை வைக்கேல்லை. மணத்திலைதான் சமைச்சனான். உன்ரை கறிவேப்பிலை வாசம் போய்ட்டுது. அதுதான் கனக்கக் கொட்டிப் பொரிச்சனான்."

கறிவேப்பிலை இங்கே விலை. கிடைக்கும்போது வாங்கிக் காயவைத்து, நொறுக்கிப் போத்தலில் போட்டு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எங்கள் வீட்டில் அப்போது கறிவேப்பிலை இருக்கவில்லை.

ஜாம் போத்தல் அடுப்படியில் நின்றது. அடியில் ஒரு பிடிதான் மிச்சம்.

இவர் கதிரையில் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். குதித்தது.

"நான் செத்துப் போனனோ?" என்று கேட்டார்.

"இல்லை."

கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதையே கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தட்டினேன், எழும்பவில்லை. மூச்சு வந்தது, நின்றது, வந்தது.

சிநேகிதருக்கு போன் எடுத்தேன்.

"எவ்ளோ சாப்பிட்டாரு?"

"போத்தலிலை பெரும்பகுதி."

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க அக்கா. என் பேரச் சொல்லாதீங்க."

ஆம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு மச்சாளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவ சுவரோடு சாய்ந்துவிட்டா. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்தா. "கோழி பழுது எண்டு சொல்லு. மற்றதைச் சொல்லாதை. பொலிஸ் வரும். சனம் காறித் துப்பும்."

"கோழி பழுதெண்டால் கோழிக்குத்தான் மருந்து குடுப்பாங்கள் மச்சாள்."

"நான் தம்பிக்கு நஞ்சு குடுத்தனான் எண்டு எழுதுவாங்களடி."

வந்தவர்களில் ஒருத்தி இளம் பெண். இவருடைய கண்ணை விரித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். என்ன எடுத்தவர் என்று கேட்டாள். நான் அவளுடைய உடுப்பைத்தான் பார்த்தேன். எனக்கு எல்லா உடுப்பும் பொலிஸ் உடுப்பு மாதிரித்தான். இவர் திரும்பவும் மூச்சு விடாமல் கிடந்தார்.

"கஞ்சா," என்றேன்.

"ஸ்மோக்?"

"நோ ஸ்மோக். ஈட்."

போத்தலைக் கொடுத்தேன். அவள் மணந்து பார்த்தாள். இது எரிந்த மாதிரியும் இல்லை, பச்சை மாதிரியும் இல்லையே என்று மற்றவனிடம் நீட்டினாள். அவனுக்கும் தெரியவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்துக் காட்டினேன். புகைத்தவர்கள் வீட்டுக்கு நிறையப் போயிருக்கிறோம், இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றான். இவருக்கு முகத்தில் மாஸ்க் போட்டார்கள். போத்தலையும் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பொலிஸ் வரும் என்றுதான்.

அடுத்த நாள் இவர் கண் விழித்தார். கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். நாக்கு ஒட்டிப் பேச்சு வரவில்லை.

பிறகு மருந்து ஏற்றும் நாள் வந்தது. டொக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இலையைச் சாப்பிடக் கூடாது என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவரைத் தராசில் ஏற்றினார்கள். நான் எண்ணைப் பார்க்கவில்லை, டொக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஓகே," என்றார்.

ஊசியைக் குத்தினார்கள். மருந்து இறங்கத் தொடங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நேர்ஸ்தான் வந்தாள்.